ரோச்சாகவும் லாம்பாகவும் பாவிக்கும் லைற்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கோ

ஒட்டுசுட்டான் கமக்காரன்

மாரி வரப்போகிறது, கரண்ட் போய்ப் போய் வரும் காலம். தலையை மேலே இழுத்தால் வெள்ளைக் குழாய் வெளிவந்து லாம்பு மாதிரி எரியும், திரும்ப அமத்தினால் ரோச். இந்தச் சின்னச் சாமான் இப்போது பல கடைகளில் தொங்குகிறது. வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எவ்வளவு தூரம் அடிக்கும்?" என்றுதான். என்னைக் கேட்டால், அதன் ஆகக் குறைந்த வெளிச்சத்தைத்தான் முதலில் போட்டுப் பார்க்க வேண்டும்.

2020 டிசம்பரில் புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறியபோது எங்கள் பக்கம் இருட்டிலேதான் கிடந்தோம். சமைக்க, பிள்ளைக்குச் சோறு தீத்த, பாயைத் தட்டி விரிக்க 20, 30 லூமன் (லைற் தரும் வெளிச்சத்தின் அளவு) தாராளமாய்க் காணும். 300 லூமனில் எரியவிட்டால் 18650 என்கிற உருளை லிதியம் பற்றரி ஒன்று சாமத்துக்குள் இறங்கிவிடும். குறைத்து வைத்தால் அதே பற்றரி விடிந்த பிறகும் எரியும். பெட்டியில் போட்டிருக்கும் மணித்தியாலக் கணக்கையும் விளங்கிக்கொள்ளுங்கள். வெளிச்சம் பத்தில் ஒரு பங்காக இறங்கும் வரைக்கும் எண்ணுவதுதான் கம்பனிகளின் வழக்கம்.

நிறமும் முக்கியம். மழைவிட்ட ராவில் வெள்ளை வெளிச்சத்துக்கு ஈசல் மொய்த்துச் சோற்றுக் கோப்பைக்குள் விழும். 3000 கெல்வின் என்றால் மஞ்சள், 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. பூச்சியை இழுப்பது அந்த நீலம்தான். லாம்புப் பக்கம் மஞ்சளாக இருப்பதையே எடுங்கள்.

வெளியே போக ரோச் பக்கம். வரம்பிலே நடக்க, பட்டியைப் பார்க்க 200 லூமன் போதும். ஆனால் நடுவில் குவிந்த வட்டத்தோடு சுற்றிவர மங்கலான விரிவும் இருக்க வேண்டும். வட்டம் மட்டும் என்றால் தூரத்தில் யானை நிற்பது தெரியும், காலடியில் புடையன் பாம்பு கிடப்பது தெரியாது.

சுவிட்சைக் கட்டாயம் பாருங்கள். எட்டடி விரியன் ராவில் உலாவுவது, நிலத்தில் படுத்திருப்பவர்களைத்தான் பெரும்பாலும் கடிக்கும். எழும்பிக் கால் வைக்க முதல் வெளிச்சம் வேண்டும். இருட்டில் விரலால் தடவினாலே சுவிட்ச் அகப்பட வேண்டும், முதல் அமத்திலேயே குறைந்த வெளிச்சம் வர வேண்டும். சிலதில் முதலில் உச்சம் வரும், பிறகு நடு, பிறகு குறைவு, அதற்குப் பிறகு விட்டுவிட்டு மின்னும். பக்கத்தில் குழந்தை படுத்திருக்கும் வீட்டுக்கு அது சரிவராது.

கிளிநொச்சி அக்கா

தம்பி சொன்னது அத்தனையும் சரி. பற்றரியைப் பற்றி நான் சொல்கிறேன். சண்டை நேரத்துப் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயும் இல்லை, பற்றரியும் இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச எண்ணெய் விட்டுத் திரி போட்டுப் படித்த ஆட்கள் நாங்கள். அதனால் வெளிச்சத்துக்குக் கொடுக்கிற காசு வீணாய்ப் போவதை என்னால் பொறுக்க முடியாது.

2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அந்த நேரம் அலுமாரிக்குள் கிடந்த பழைய பிளக் ரோச்சுகள் எத்தனை வீட்டில் எரியவே இல்லை! அவற்றுக்குள் இருப்பது ஈயப் பற்றரி. சார்ஜ் இறங்கின நிலையில் விட்டால் செத்துவிடும். லிதியம் அதைவிட நன்றாகத் தாங்கும். அரைவாசி சார்ஜில் வைத்து இடைக்கிடை பார்த்தால் போதும்.

9900 மில்லி அம்பியர் என்று எழுதின 18650 பற்றரியை வாங்கவே வேண்டாம். நல்ல கம்பனிகளின் பற்றரியே பெரும்பாலும் 3500 அளவில்தான். உண்மையான பற்றரி 45 கிராமுக்குக் கிட்ட நிறுக்கும். கையில் எடுக்கும்போது பாரமே இல்லாவிட்டால் திருப்பிக் கொடுங்கள். பற்றரியைக் கழற்றி மாற்றக்கூடியதாய் வாங்குங்கள். உள்ளேயே ஒட்டி மூடினது என்றால் பற்றரி போகிற அன்றே லைற்றும் போச்சு.

வட்டுவாகல் பொடியன்

நந்திக்கடலில் ராத்தொழில் செய்கிறவர்களுக்கு ஒன்று. அடியில் காந்தம் இருக்கிறது என்று கடையில் பெருமையாய்ச் சொல்வார்கள். பைபர் வள்ளத்தில் காந்தம் எங்கே ஒட்டும்? கொளுவித் தொங்கவிட வளையம் இருக்க வேண்டும்.

பெட்டியில் ஐபிஎக்ஸ் 7 (தண்ணி தாங்கும் தரக் குறியீடு) என்றால் ஒரு மீற்றர் தண்ணிக்குள் அரை மணித்தியாலம் தாங்கும். ஆனால் அந்தச் சோதனை நல்ல தண்ணியில் செய்வது. உப்புத்தண்ணி பட்டால் சார்ஜ் குத்தும் ஓட்டை பச்சை பிடித்துவிடும். ரப்பர் மூடி இறுக்கமாய் இருக்கிறதா என்று நகத்தால் கிளப்பிப் பாருங்கள். கரைக்கு வந்ததும் மூடி பூட்டியபடியே நல்ல தண்ணியில் அலசித் துடைத்து, நன்றாய்க் காய்ந்த பிறகுதான் திறக்க வேண்டும்.

அண்ணை, மஞ்சள் வெளிச்சம் உள்ளது புதுக்குடியிருப்பில் எடுக்கலாமா?

ஒட்டுசுட்டான் கமக்காரன்

எடுக்கலாம் தம்பி, ஆனால் பெட்டியில் பெரும்பாலும் நிறம் போட்டிருக்க மாட்டார்கள். பிரித்து, லாம்புப் பக்கம் எரியவிட்டுக் காட்டச் சொல்லு. வெயிலில் வைத்துப் பார்த்தால் தெரியாது, மேசைக்குக் கீழே பிடித்துப் பார்.