கணுக்கால் ரிஃப்ளெக்ஸ் வரவில்லை: கேஸ் ஷீட்டில் எப்போது ‘இல்லை’ என்று எழுதலாம்?

பயிற்சி மருத்துவர்: குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணைத் தட்டினால் பாதம் தானாக அசைய வேண்டும், அதுதான் கணுக்கால் ரிஃப்ளெக்ஸ். சுத்தியலால் தட்டியும் இரண்டு கணுக்காலிலும் அசைவே இல்லை. உடனே ‘0’ (இல்லை) என்று போட்டுவிடலாமா? எப்போது அவசரம்?

நரம்பியல் பிஜி (முதுநிலை மாணவர்): அவசரப்படாதீர்கள். பாதி நேரம் தவறு தட்டுபவர் பக்கம்தான். முழங்காலை மடக்கி வெளிப்பக்கம் சாய்த்து, பாதத்தை மேல்நோக்கி லேசாகத் தள்ளிப் பிடியுங்கள். தசைநாண் இழுபடாவிட்டால் ரிஃப்ளெக்ஸ் வராது. சுத்தியல் தன் எடையில் விழட்டும். பாதத்தைவிடக் கெண்டைக்கால் தசையைக் கவனியுங்கள். வராவிட்டால் ரிஃப்ளெக்ஸைத் தூண்டும் ஜென்ட்ராசிக் உத்தி: இரு கை விரல்களையும் கொக்கிபோல் கோத்து இழுக்கச் சொல்லி, இழுக்கும் அதே நொடியில் தட்டுங்கள். முன்கூட்டியே இழுக்க வைத்தால் பலன் போய்விடும். அதற்கும் வராவிட்டால்தான் ‘0’.

வார்டு ரெஜிஸ்ட்ரார்: கூடவே எது போயிருக்கிறது என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் என்றால் எஸ்1 வேர் (கீழ்முதுகிலிருந்து காலுக்கு வரும் நரம்பு வேர்), பெரும்பாலும் முதுகெலும்பு டிஸ்க் பிதுங்கி அதை அழுத்துவது. இரு பக்கமும், பாதத்தில் எரிச்சலும் என்றால் முதலில் சர்க்கரை. முதியவர்களுக்கு வேறு குறை இல்லாமலே கணுக்காலில் வராமல் போகலாம். சில நாட்களில் கால் பலவீனம் மேலேறி, முழங்கால் ரிஃப்ளெக்ஸும் போனால் கியான்-பாரே (உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கும் நோய்) என்றே நினையுங்கள். இதில் மூச்சுத் தசைகளும் பலவீனமாகலாம். ஆக்சிஜன் அளவு நன்றாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள், அது கடைசியில்தான் குறையும். எஃப்விசி (ஆழமாக இழுத்து முழுதாக ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு) உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிக்குக் கீழே வந்தால் ஐசியூ.

நரம்பியல் பிஜி: கியான்-பாரேயில் தண்டுவட நீரில் புரதம் கூடும், ஆனால் முதல் வாரத்தில் சாதாரணமாகவே இருக்கலாம், அதை வைத்து நோயை ஒதுக்கிவிடாதீர்கள். பொட்டாசியம் மாறினாலும் இப்படிப் பலவீனம் வரலாம், அதையும் பாருங்கள். திடீர்த் தண்டுவடக் காயத்திலும் ஆரம்பத்தில் ரிஃப்ளெக்ஸ் இருக்காது. உணர்ச்சி எந்த மட்டத்தில் நிற்கிறது, சிறுநீர் அடைத்திருக்கிறதா என்று தேடுங்கள்.