டேஸெ, டீ, டிட், டட்: டச்சில் 'இந்த', 'அந்த' பழகிய அனுபவங்கள்

நெதர்லாந்தின் ஐந்தோவனிலிருந்து:

டச்சு படிக்க ஆரம்பித்த எல்லாரும் சீக்கிரமே முட்டி நிற்கும் இடம் சுட்டுச்சொற்கள். தமிழில் 'இந்த', 'அந்த' இரண்டும் போதும். வீடு, ஆள், பத்துப் பிள்ளைகள், எதன் முன்னால் வந்தாலும் 'இந்த' மாறாது. டச்சில் நான்கு. ஆங்கில 'the' போல டச்சுப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'டெ' அல்லது 'ஹெட்' வரும். 'டெ' சேரும் பெயர்ச்சொல் என்றால் பக்கத்தில் இருப்பதற்கு 'டேஸெ', தள்ளி இருப்பதற்கு 'டீ'. 'ஹெட்' சேரும் சொல் என்றால் 'டிட்', 'டட்'. பன்மைக்கு வந்துவிட்டால் எல்லாமே டெ கூட்டம்தான், அதனால் டேஸெயும் டீயும் மட்டும். விதி அவ்வளவே. எந்தச் சொல் டெ, எந்தச் சொல் ஹெட் என்று மனசில் நிற்பதுதான் பெரும்பாடு.

எனக்கு அது நிற்க ஆரம்பித்தது பழைய சைக்கிள் விற்கும் ஒரு கடையில். இங்கே நாம் தட்டுத்தடுமாறி டச்சு பேசினால் பலரும் உதவுவதாக நினைத்து உடனே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். அந்தக் கடைக்காரப் பெரியவர் மாறவில்லை. 'டேஸெ ஃபீட்ஸ்' என்று நான் ஒரு சைக்கிளைக் காட்டியதும், ஒவ்வொரு பாகமாகத் தொட்டுத் தொட்டுச் சொல்ல ஆரம்பித்தார். பூட்டைத் தட்டி 'டிட் ஸ்லொட்'. சங்கிலியை இழுத்துப் பார்த்து 'டேஸெ கெட்டிங்'. முன் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிவிட்டு 'டிட் வீல்'. அதே சக்கரத்தின் டயரை விரலால் அழுத்தி 'டேஸெ பன்ட்'. சக்கரம் ஹெட், அதைச் சுற்றியிருக்கும் டயர் டெ! அப்புறம் எதிர்ச் சுவரோரம் நின்ற இன்னொரு சைக்கிளைக் கைகாட்டி, 'டட் ஸாடெல்' வேண்டுமா, 'டீ பெல்' வேண்டுமா என்று கேட்டார். அந்த சீட்டையும் அந்த மணியையும் கழற்றி இதில் மாட்டித் தருகிறாராம்.

இன்றும் சைக்கிளில் ஏறும்போது இந்தச் சொற்கள் தானாக வாயில் வரும். புதிதாகப் படிப்பவர்களுக்கு நான் சொல்வது: பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, கையில் பிடிக்கும் பொருளைச் சுட்டுச்சொல்லோடு சேர்த்தே வாய்விட்டுச் சொல்லுங்கள். ஹெட், டிட், டட் மூன்றும் 'ட்' என்று முடிகின்றன. டெ, டேஸெ, டீ மூன்றிலும் அந்த ஒலி கடைசியில் இல்லை. குழம்பும்போது இதைப் பிடித்துக்கொள்ளலாம்.

வெஸ்ட்லாண்டிலிருந்து:

அண்ணை சொன்னது சரி. நான் பருத்தித்துறை ஆள், இஞ்ச கண்ணாடிக்கூடத் தோட்டத்தில வேலை. எங்கட பேச்சில 'இது', 'அது' தவிர 'உது'வும் இருக்கு. உங்களுக்குக் கிட்ட இருக்கிறது உது. 'உந்தக் கத்தியை ஒருக்காத் தாங்கோ' எண்டால் கத்தி உங்கட கையில இருக்கெண்டு அர்த்தம். டச்சில அந்த மூண்டாவது இடம் இல்லை. பக்கத்தில நிண்டு வேலை செய்யிறவர் என்னட்டைக் கேக்கிறது 'ஹேஃப் டட் மெஸ் ஏவெ' எண்டுதான். கத்தி எட்டிப் பிடிக்கிற தூரத்தில, என்ர கையில இருந்தாலும் அவருக்கு அது 'டட்'. தூரத்தை அளந்து பார்க்கிறதை விட்டிட்டு, 'என்னட்ட இருக்கிறது டிட், டேஸெ. உன்னட்ட இருக்கிறதும் அங்கால இருக்கிறதும் டட், டீ' எண்டு பிரிச்ச பிறகு எனக்கு லேசாப் போச்சு. யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு இது நல்லா உதவும். எங்கட உதுவையும் அதுவையும் ஒரே பெட்டியில போட்டால் சரி.

பெட்டி எண்டதும் ஞாபகம் வருது. பெட்டி டச்சில 'டோஸ்', டெ சொல். அதால 'டேஸெ டோஸ்'. சின்னப் பெட்டி எண்டு 'யெ' சேர்த்து 'டோஷெ' ஆக்கினால் உடன ஹெட் ஆகிடும், 'டிட் டோஷெ'. சின்னப் பெட்டியள் கனக்க எண்டால் திரும்பவும் 'டேஸெ டோஷெஸ்'. ஒரு பெட்டிக்குள்ள முழு இலக்கணமும் இருக்கு. இப்பிடிச் சின்னதாக்கின எல்லாச் சொல்லும் ஒருமையில ஹெட்தான், இதுக்கு விலக்கே இல்லை. பெண்பிள்ளைக்குச் சொல்லுற 'மெய்ஷெ'யும் அப்பிடித்தான், 'டிட் மெய்ஷெ'.

உட்ரெக்டிலிருந்து:

எனக்குப் பிடித்த இடம் அறிமுகம் செய்து வைப்பது. பக்கத்து வீட்டில் பிறந்தநாள் என்று போயிருந்தோம். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உறவினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பிறந்தநாள்காரருக்கு மட்டுமல்ல, அங்கிருக்கும் அத்தனை பேருக்கும் கைகொடுத்து வாழ்த்துச் சொல்ல வேண்டும், இங்கே அதுதான் வழக்கம். ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தினார் அந்த அம்மா. அக்காவைக் காட்டி 'டிட் இஸ்', தம்பிகள் இருவரையும் காட்டி 'டிட் ஸெய்ன்'. அக்கா டெ சொல், தம்பிகள் பன்மை, ஆனாலும் டிட்! பெயர்ச்சொல்லை ஒட்டி நிற்காமல் 'இது இன்னார்' என்று தனியாக நின்று அறிமுகப்படுத்தும்போது டிட்டும் டட்டும் மட்டுமே வரும், ஆண், பெண், ஒருமை, பன்மை எதையும் பார்க்காது. நாமும் 'இது எங்க சித்தப்பா', 'இது என் தங்கச்சி' என்று அஃறிணையில்தானே சொல்கிறோம்! மரியாதைக் குறைவாக யாராவது எடுத்துக்கொள்கிறார்களா என்ன? தமிழர்கள் இந்த ஒரு விஷயத்தில் தயங்கவே வேண்டாம்.

நாள் கணக்கு சொல்லும்போது மட்டும் கவனம். இந்த வாரம் 'டேஸெ வேக்', இந்த மாதம் 'டேஸெ மாண்ட்', ஆனால் இந்த வருஷம் 'டிட் யார்'.

ரோட்டர்டாமிலிருந்து:

குடியேறியோருக்கான மொழித் தேர்வு எழுதப்போகிறவர்களுக்கு ஒன்று. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் பொதுவான இலக்கு பி1 எனப்படும் இடைநிலை. அந்த நிலைக்கு வரும்போது டீயும் டட்டும் இன்னொரு வேலையையும் செய்யும். 'அங்கே நிற்கிற ஆள்', 'விளையாடுகிற குழந்தை' என்று நாம் பெயரெச்சத்தில் சொல்வதை அவர்கள் 'டெ மன் டீ', 'ஹெட் கின்ட் டட்' என்று தொடங்கிச் சொல்வார்கள். மேலே நண்பர்கள் சொன்ன டெ, ஹெட் பிரிவு அப்படியே இங்கும் பொருந்தும், புதிதாகப் படிக்க எதுவும் இல்லை. டச்சுக்காரர்களே பேச்சில் 'மெய்ஷெ டீ' என்று சொல்வதைக் கேட்பீர்கள். பேசும்போது அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. தேர்வுத்தாளில் 'மெய்ஷெ டட்' என்றே எழுதுங்கள்.