என்டர் தட்டாமல் 11 நிமிடம்

மழைக்காலம்:
சாஃப்ட்வேர் ரிலீஸ் நாள், ராத்திரி 2 மணி தாண்டிவிட்டது. எல்லாரும் சேர்ந்திருக்கும் பிரிட்ஜ் போன் காலில் முப்பது பேர். புரொடக்‌ஷனில், அதாவது வாடிக்கையாளர் பயன்படுத்தும் நிஜ சிஸ்டத்தில், ஸ்கிரிப்ட் ஓட்ட வேண்டியது என் டீம் பையன். எல்லாச் சரிபார்ப்பும் முடிந்து கமாண்ட் திரையில் நிற்கிறது, என்டர் தட்டுவதுதான் பாக்கி. அவன் தட்டவில்லை. நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். விரல் கீயைத் தொடாமல் அதற்கு மேலேயே நின்றது. நகத்தைச் சுற்றித் தோலையெல்லாம் கடித்து எடுத்திருந்தான், கட்டைவிரலில் ரத்தம் காய்ந்திருந்தது. 11 நிமிடம். போன் காலில் நேரம் ஓடிக்கொண்டிருந்ததால் கணக்குத் தெரியும்.

நான் சொன்னது ஒன்றுதான். "தட்டுடா, எல்லாரும் காத்திருக்காங்க."

"அண்ணா, நீங்க தட்டுறீங்களா?"

தட்டினேன். ரிலீஸ் நல்லபடியாக முடிந்தது, எனக்குப் பாராட்டு மெயில்கூட வந்தது. அவன் அடுத்த வாரம் லீவ், அப்புறம் ராஜினாமா. அதற்கு முந்தைய ரிலீஸில் ஒரு தவறான கமாண்டுக்காக அவனை மூன்று நாள் மீட்டிங் மீட்டிங்காக நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்கள். அதிலும் நான் இருந்தேன். தெரிந்தும் அன்றைக்கு "என்னடா ஆச்சு" என்று கேட்கவில்லை. நாலு வருடம் ஆகிறது.

ஜன்னலோரம்:
ஆன்-கால் வேலையை, அதாவது சிஸ்டம் விழுந்து அலர்ட் வந்தால் எந்த நேரமும் எழுந்து சரிசெய்யும் வேலையை, விட்டு ஒரு வருடம் கழித்து நடந்தது. சிறுசேரி போகும் பஸ்ஸில் யாரோ ஒருவர் போனில் அதே அலர்ட் சத்தம். எந்தச் சத்தம் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அடுத்து எனக்கு நினைவிருப்பது, காரப்பாக்கத்தில் ரோட்டோரம் நிற்கிறேன். சாப்பாட்டுப் பை பஸ்ஸிலேயே போய்விட்டது. மூச்சு பாதியில் நிற்கிறது, கை மரத்துவிட்டது, செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். இளநீர்க் கடை அம்மா ஒன்றும் கேட்காமல் ஒரு காயை வெட்டிக் கையில் கொடுத்து, "முதல்ல உக்காரு, கண்ணு" என்றார்.

ஈசிஜி நார்மல். பேனிக் அட்டாக் என்றார் டாக்டர். வீட்டில், "நார்மல்னு சொல்லிட்டாங்கல்ல, அப்புறம் என்ன?" என்றார்கள். அந்த "அப்புறம் என்ன"வுக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

பழைய லீட்:
மழைக்காலம் தம்பி, இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. டெலிவரி நேரத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். நானும் பார்த்திருக்கிறேன். 2009இல், அமெரிக்க மந்தநிலை நேரம், எங்களோடு பெஞ்சில், அதாவது புராஜெக்ட் கிடைக்காமல் காத்திருப்போர் பட்டியலில், இருந்தவர் தினமும் எட்டரைக்கு வந்து, வேலை இல்லாமலே லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் எட்டிப் பார்த்தேன். வெறும் டெஸ்க்டாப். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேசாமல் நகர்ந்துவிட்டேன்.

என்னைக் கேட்டால், இப்போது வருகிறவர்களுக்குத் தாங்கும் மனம் குறைவு. காலையில் எழுந்து நாற்பது நிமிடம் நடங்கள். ராத்திரி பத்துக்கு மேல் போனைத் தொடாதீர்கள். சாயங்காலம் காபியை நிறுத்துங்கள். தைராய்டு டெஸ்ட் எடுத்துப் பாருங்கள், அது கூடினாலும் படபடப்பு வரும், குறைந்தாலும் மனம் சோர்ந்து கிடக்கும். வைட்டமின் டி பாருங்கள், ஏசிக்குள்ளேயே இருக்கிறோம். மூச்சுப் பயிற்சி கற்றுக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை ஊருக்குப் போன் செய்து அம்மாவிடம் பேசுங்கள். மாத்திரை எல்லாம் கடைசியில்தான். ஆரம்பித்தால் விட முடியாது.

வேன்ல கடைசி சீட்டு:
பழைய லீட் சார், வயதுக்கு மரியாதை, ஆனால் இதை விட மாட்டேன். "தாங்கும் மனம் குறைவு" என்கிறீர்கள். பர்ன்அவுட்டை, அதாவது வேலையால் முழுக்கச் சோர்ந்துபோவதை, உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வரையறுத்தபோது, சரியாகக் கையாளப்படாத வேலையிட நெருக்கடியால் வருவது என்றுதான் எழுதியது. நோய் என்றுகூடச் சொல்லவில்லை. நீங்கள் சொன்ன அந்த பெஞ்ச்காரரும் உங்கள் தலைமுறைதானே சார்?

மாத்திரை பற்றிச் சொன்னதுதான் ரொம்ப ஆபத்து. மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யவே சில வாரம் ஆகும். நாமாகத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை எல்லாம் வரும், அதைப் பார்த்துத்தான் "விட முடியாது" என்று பயப்படுகிறார்கள். டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்துவார்.

என் அனுபவம் இதுதான். நைட் ஷிப்ட் வேன். யாராவது பேசாமல் வந்தால், "என்னடா, கீழ்ப்பாக்கத்துல இறக்கி விடவா?" என்று கேட்பது வழக்கம். நானும் கேட்டிருக்கிறேன். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிக்கும் ஒருவர் இருந்தார். ஒருநாள் அவர் பை சரிந்து, என் காலடியில் ஒரு மஞ்சள் நோட்டு விழுந்தது. அட்டையில் அந்தக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை பெயர். வியாழக்கிழமை வியாழக்கிழமையாக ஒன்பது மாதத் தேதிகள். எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். 1794இல் தொடங்கிய மருத்துவமனை, எத்தனை பேரைப் பிழைக்க வைத்திருக்கும். அதன் ஊர்ப் பெயரை வசவாக்கி வைத்திருக்கிறோம்.

ஜன்னலோரம்:
யாருக்காவது தேவைப்படலாம் என்பதால் சொல்கிறேன். டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண், 14416. 2022இல் மத்திய அரசு ஆரம்பித்தது, 24 மணி நேரமும் உண்டு, காசு இல்லை, தமிழிலேயே பேசலாம். ராத்திரி மூன்று மணிக்கு நான் கூப்பிட்டிருக்கிறேன். 2017 மனநலச் சட்டப்படி இன்சூரன்ஸ் நிறுவனங்கள் உடல் நோயைப் போலவே மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும். ஆனால் பல பாலிசிகளில் அட்மிட் ஆனால்தான் பணம், சும்மா போய் டாக்டரைப் பார்த்து வருவதற்குக் கிடையாது. கம்பெனி பாலிசியில் ஓபி (அட்மிட் ஆகாமல் பார்க்கும் சிகிச்சை) உண்டா என்று படித்துப் பாருங்கள்.

பழைய லீட் சார், நானும் தினமும் நடக்கிறேன். மாத்திரையும் சாப்பிடுகிறேன்.

பழைய லீட்:
மாத்திரை பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அந்த பெஞ்ச்காரர் பெயர் நேற்று முழுக்க யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

மழைக்காலம்:
எல்லாவற்றையும் படித்தேன். மத்தியானம் அவனுக்கு வாட்ஸ்அப்பில், "எப்படிடா இருக்க? அன்னைக்கு நான் கேட்டிருக்கணும்" என்று அனுப்பினேன். ஒரு டிக்தான் விழுந்திருக்கிறது. பழைய டீமில் ஒருவரிடம் அவன் புது நம்பர் கேட்டிருக்கிறேன்.