கன்வேயர் நிறைந்தால் எழுத்து நெருங்குகிறது, என்கோடரில் எங்கே தப்பு?

பம்ப்_தம்பி:
அண்ணன்மாருக்கு வணக்கம். கோவையில் சின்ன யூனிட். நீர்மூழ்கி மோட்டாருக்குப் போகும் எஸ்.எஸ். வளையங்களில் சீரியல் நம்பர் அடிக்கிறேன். இத்தனை நாள் ஒவ்வொன்றாகக் கையில் வைத்து எடுத்தோம். போன மாதம் பெல்ட்டில் ஓடும்போதே அடிக்கும்படி மாற்றினேன். 20 வாட் ஃபைபர் லேசர், 160 மி.மீ. ஃபோகஸ் லென்ஸ், பெல்ட் நிமிடத்துக்கு 9 மீட்டர். பெல்ட் எவ்வளவு நகர்ந்தது என்று லேசருக்குச் சொல்லும் என்கோடரை (ஒரு சுற்றுக்கு 1000 பல்ஸ்) மோட்டார் பக்க ரோலர் தண்டில் கப்ளிங் போட்டு மாட்டியிருக்கிறேன். அதன் ஏ, பி என்ற இரண்டு சிக்னல்களில் ஏ ஃபேஸ் மட்டும் லேசரை ஓட்டும் கார்டுக்குப் போகிறது.

காலையில் நாலைந்து வளையம் போகும்போது எழுத்து அச்சு மாதிரி விழுகிறது. லைன் நிறைந்ததும் 0 எல்லாம் ஒல்லியாகிவிடுகிறது. 32 மி.மீ. இருக்க வேண்டிய வரி 30.5 தான் வருகிறது; கஸ்டமர் கொடுத்த பிளாஸ்டிக் டெம்ப்ளேட்டில் உட்கார மாட்டேன் என்கிறது. சாஃப்ட்வேரில் ஒரு பல்ஸுக்கு பெல்ட் நகரும் நீளத்தைக் குறைத்தால் சாயங்காலம் சரி. மறுநாள் காலையில் எழுத்து அகலம். லேசர் விற்றவர் ‘ஸ்பீடைக் குறைங்க’ என்பதோடு சரி.

ஓசூர்க்காரர்:
மோட்டார் டிரைவ் வயரும் என்கோடர் வயரும் ஒரே டிரேயில் ஓடுகிறதா? பிரித்துப் போடுங்கள். ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். எனக்கு இதே தொல்லை வந்து, வயரை மாற்றியதும் தீர்ந்தது.

பழைய_வயர்மேன்:
தம்பி, வயரையும் பாருங்கள். ஆனால் வயரில் நுழையும் நாய்ஸுக்குக் (மின் இரைச்சல்) காலை, மாலை தெரியாது. லோடு ஏறினால் மட்டும் வருகிறது என்றால் எனக்குச் சந்தேகம் ரோலர் மேல்தான்.

முதலில் ஒன்று சொல்லுங்கள்: வளையம் நகரும்போது முதல் எழுத்து முன்னால் போகிறதா, கடைசி எழுத்தா? ஒரு வரி அடிக்க எத்தனை நொடி?

பம்ப்_தம்பி:
முதல் எழுத்துதான் முன்னால். 0.3 நொடி.

பழைய_வயர்மேன்:
அப்போ கணக்கு வந்துவிட்டது. நிமிடத்துக்கு 9 மீட்டர் என்றால் நொடிக்கு 150 மி.மீ.; 0.3 நொடியில் வளையம் 45 மி.மீ. போகும். அதில் 1.5 மி.மீ. பிழை, அதாவது மூன்று சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். முதல் எழுத்து முன்னால் போய் வரி சுருங்கினால், பெல்ட் போவதை விட வேகமாகப் போவதாகக் கார்டு நம்புகிறது என்று அர்த்தம். லோடு ஏறியதும் பெல்ட் வழுக்குகிறது. ரோலர் சுற்றுகிறது, என்கோடரும் அதோடு சேர்ந்து பொய் சொல்கிறது. ஸ்பீடைக் குறைத்தால் அந்த 0.3 நொடியில் நகரும் தூரம் குறையும், பிழையும் சின்னதாகத் தெரியும், அவ்வளவுதான். நோய் அப்படியே இருக்கும்.

என்கோடரை ரோலரிலிருந்து கழற்றுங்கள். 200 மி.மீ. சுற்றளவு ரப்பர் சக்கரம் வாங்கி, ஸ்பிரிங் கையில் மாட்டி, லேசர் ஹெட்டுக்கு ஓரடிக்குள் பெல்ட் ஓரத்தில் உட்கார வையுங்கள். பி ஃபேஸையும் இழுத்து விடுங்கள். ஏ மட்டும் இருந்தால் பெல்ட் நின்று அதிரும்போது முன்னும் பின்னும் ஆடுவதையெல்லாம் கார்டு ‘முன்னால்’ என்றே எண்ணும்.

நீளத்தைக் கணக்குப் போட்டு வைக்காதீர்கள், அளந்து வையுங்கள். பெல்ட்டில் கோடு கிழித்து, டேப் வைத்துக் கையால் சரியாக 1 மீட்டர் தள்ளி, கார்டு எத்தனை எண்ணியது என்று பாருங்கள். அப்புறம் ஓடும் லைனில் ஒரு குறுக்குக் கோடு, 300 மில்லி நொடி காத்திருப்பு, அதே இடத்தில் இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றாக விழ வேண்டும். விலகினால் வெர்னியரில் அளந்து 45-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் பிழை சதவீதம் கையில்.

பம்ப்_தம்பி:
அண்ணா, சக்கரம் மாட்டியாச்சு. பி ஃபேஸும் கொடுத்தேன். முதல் ஓட்டத்தில் எழுத்து வளையத்தை விட்டு வெளியே போய்விட்டது, சிரிப்பு வேறு! 1 மீட்டர் தள்ளிப் பார்த்தேன்: 5000 வர வேண்டிய இடத்தில் 20,000. இரண்டு ஃபேஸும் வந்ததும் என் கார்டு ஒவ்வொரு பல்ஸிலும் அவை ஏறி இறங்கும் நாலு விளிம்பையும் எண்ணுகிறது. நீளத்தை 0.2-லிருந்து 0.05-க்கு மாற்றினேன்.

இரண்டு கோடு டெஸ்ட்டில் வெறும் பெல்ட்டில் ஒட்டிய எஸ்.எஸ். தகட்டில் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று. நிஜ வளையத்தில் மட்டும் 0.4 மி.மீ. விலகல். ஒரு மணி நேரம் என்கோடரையே சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால் பக்க கைடு வளையத்தை உரசுகிறது. பெல்ட் போகிறது, வளையம் மட்டும் துளி பின்தங்குகிறது. கைடை 1 மி.மீ. தள்ளினேன். இப்போது லைன் நிறைந்து ஓடும்போதும் 32.0.

பழைய_வயர்மேன்:
கைடை நானும் கேட்டிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். அந்த ரப்பர் சக்கரம் தேயும், தம்பி. விட்டத்தில் 1 மி.மீ. குறைந்தாலே ஒன்றரை சதவீதம் போச்சு. மாதம் ஒரு தடவை டேப்பை எடுங்கள்.