காரில் எச்.எஃப். வானொலி: பேசத் தொடங்கியதும் கருவி அணைந்துவிடுகிறது, உதவி தேவை

வண்டியூர்வாசி (செவ்வாய், இரவு 9.40)

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை என் காரில் அமெச்சூர் வானொலிக்கான எச்.எஃப். (சிற்றலை) கருவியைப் பொருத்தினேன். 40 மீட்டர் அலைவரிசையில் (7 மெகாஹெர்ட்ஸ்) கேட்பதில் குறையில்லை. சென்னை, பெங்களூரு நிலையங்கள் நன்றாகவே காதில் விழுகின்றன. ஆனால் மைக்கை அழுத்தி ஓங்கிப் பேசியதும் கருவி அணைந்துவிடுகிறது, பொத்தானை விட்டதும் மறுபடி எரிகிறது. தணிந்த குரலில் பேசினால் அணைவதில்லை. ஆனால் அப்போது யாரும் பதில் தருவதும் இல்லை. எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா கருவியோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 1.2 காட்டுவதால் ஆன்டெனாவில் பிழை இருக்க வாய்ப்பில்லை. வருகிற சனிக்கிழமை குடும்பத்துடன் தனுஷ்கோடிக்குப் போகிறேன். அங்கிருந்து தொலைதூர நிலையங்களோடு பேச வேண்டும் என்பது என் இரண்டு ஆண்டு ஆசை. கருவியைப் பழுது பார்க்கக் கொடுக்க வேண்டுமா என்று தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

கண்மாய்க்கரை (செவ்வாய், இரவு 9.58)

வணக்கம். நீங்கள் சொல்லாமல் விட்டவைதான் இங்கே முக்கியமானவை. கருவி எத்தனை வாட்? மின்சாரத்தை எங்கிருந்து எடுத்தீர்கள், எவ்வளவு தடிமனுள்ள கம்பியில், எத்தனை மீட்டர் நீளத்துக்கு? ஆன்டெனா என்ன நீளம், அதன் நீளக் குறைவை ஈடுகட்டும் சுருள் அடியில் இருக்கிறதா நடுவில் இருக்கிறதா, வண்டியில் எப்படி நிறுத்தியிருக்கிறீர்கள்? சோதித்தபோது எஞ்சின் ஓடியதா? இவை தெரியாமல் யார் பதில் சொன்னாலும் அது ஊகமாகவே இருக்கும்.

திருமங்கலம் டீசல் (செவ்வாய், இரவு 10.15)

ஊகமே தேவையில்லை, இது மின்சாரக் குறைவுதான். 100 வாட் கருவி முழுத் திறனில் 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சிகரெட் லைட்டர் துளையிலிருந்து எடுத்திருப்பீர்கள். என்னிடம் வரும் வண்டிகளில் ஒலிபெருக்கி வைத்தவர்கள் சொல்லும் குறையும் அச்சு அசல் இதுவேதான். பேட்டரியிலிருந்து நேரே கம்பி இழுங்கள், தீர்ந்துவிடும்.

பழைய தந்தி (செவ்வாய், இரவு 10.41)

இக்காலத்தில் தேர்வெழுதி உரிமம் வாங்கியவர்களுக்கு ஓம் விதியை மறுபடியும் கற்பிக்க வேண்டியிருப்பது வருத்தம் தருகிறது. வோல்ட் மீட்டரை ஒருமுறைகூட வைத்துப் பார்க்காமல், கருவி பழுதா என்று கேட்பது முறையன்று. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். மேலும், காரிலிருந்து 40 மீட்டரில் பேச்சு எடுபடாது. பேச்சு அலை ஏறத்தாழ 2.5 கிலோஹெர்ட்ஸ் அகலத்தை அடைத்துக்கொள்கிறது. மோர்ஸ் தந்தியைக் கேட்பவரோ 500 ஹெர்ட்ஸ் வடிகட்டியை வைத்துக்கொண்டு, இரைச்சலில் ஐந்தில் நான்கு பங்கைத் தள்ளிவிடலாம். தந்திக்கு வாருங்கள், பாதித் தொல்லை குறையும்.

அழகர்மலைச் சாரல் (புதன், காலை 6.20)

ஐயா, தந்தியின் மேன்மையில் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் தந்திச் சாவியை அழுத்திய கணத்திலேயே கருவி முழு மின்னோட்டத்தை இழுக்கும் என்பதால், இந்தத் தம்பியின் வண்டியில் அது முதல் புள்ளியிலேயே அணைந்துபோகும். புதிதாகக் கேட்க வருபவரிடம் இவ்வளவு கடுமையும் வேண்டாம்.

தம்பி, இதே அடையாளத்துக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று திருமங்கலத்தார் சொல்லும் மின்னழுத்த வீழ்ச்சி. மற்றொன்று, ஆன்டெனாவுக்குப் போக வேண்டிய வானொலி ஆற்றலில் ஒரு பகுதி, கருவியையும் ஆன்டெனாவையும் இணைக்கும் கோ-ஆக்ஸ் கேபிளின் மேலுறை வழியாகத் திரும்பி வந்து கருவியின் கட்டுப்பாட்டுச் சுற்றைக் குழப்புவது. இரண்டையும் பிரித்தறிய ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு 50 ஓம் டம்மி லோடை (அலையை வெளியே விடாமல் ஆற்றலை வெப்பமாக்கும் போலிச் சுமையை) மாட்டிப் பேசிப் பாருங்கள். அப்போதும் அணைந்தால் குறை மின்சாரத்தில் இருக்கிறது. அணையாவிட்டால் ஆன்டெனாப் பக்கத்தில் இருக்கிறது. டம்மி லோடு இல்லையென்றால் 1000 ஓம் மெட்டல் ஆக்சைடு ரெசிஸ்டர்கள் இருபதை இணையாகப் பற்றவைத்தால் போதும், சரியாக 50 ஓம் வரும். ஒவ்வொன்றும் 3 வாட் என்றால் சில நொடிகள் பேசிப் பார்ப்பதைத் தாங்கும். கம்பி சுற்றிய ரெசிஸ்டர் ஆகாது, அது இந்த அலைவெண்ணில் சுருளாகவும் நடந்துகொள்ளும்.

வண்டியூர்வாசி (புதன், காலை 7.05)

மன்னிக்கவும், எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று நினைத்து விட்டுவிட்டேன். 100 வாட் கருவி, டீசல் கார். லைட்டர் துளையிலிருந்து எடுக்கவில்லை. டேஷ்போர்டுக்குக் கீழேயுள்ள ஃபியூஸ் பெட்டியில் 10 ஆம்பியர் இடத்திலிருந்து, வீட்டு வயரிங் வேலையில் மிஞ்சிய 1.5 சதுர மி.மீ. கம்பியில் 3 மீட்டர். நெகட்டிவை டேஷ்போர்டு போல்டில் மாட்டியிருக்கிறேன். ஃபியூஸ் ஒருமுறைகூடப் போகவில்லை, அதனால்தான் மின்சாரத்தைச் சந்தேகிக்கவில்லை. ஆன்டெனா 2.4 மீட்டர், சுருள் அடியில், கூரையில் மேக்னட் மவுண்ட் (காந்தத்தால் ஒட்டும் தாங்கி). எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் பேசினேன், ஏனென்றால் ஓடும்போது இரைச்சல் அதிகம். அலுவலகம் கிளம்புகிறேன்.

திருமங்கலம் டீசல் (புதன், காலை 7.30)

லைட்டரும் அந்தப் பெட்டியும் ஒன்றுதான். ஃபியூஸ் போகாததை வைத்து முடிவு செய்யாதீர்கள். பேச்சில் உச்சம் ஒரு கணம் எழுந்து அடங்கிவிடுவதால் 10 ஆம்பியர் ஃபியூஸ் அதைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் அந்த ஒரு கணத்தில் மின்னழுத்தம் விழுந்தாலே கருவி அணைந்துவிடும். 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 11.5 மில்லி ஓம். உங்கள் 3 மீட்டரில் 20 ஆம்பியர் ஓடினால் பாசிட்டிவ் கம்பியில் மட்டும் 0.7 வோல்ட் போய்விடும். அதற்கு முன்னால் வண்டியின் சொந்தக் கம்பி, சாவி சுவிட்ச், ஃபியூஸ் கவ்வி ஆகிய ஒவ்வொன்றும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். பெயிண்டின் மேல் முடுக்கிய போல்டு இன்னும் அதிகமாக எடுக்கும். எஞ்சின் நிற்கும்போது பேட்டரியே 12.5 வோல்டுக்குள்தான் இருக்கும். பல கருவிகளின் கையேடுகள் 13.8 வோல்டில் 15 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம் என்கின்றன, அதாவது 11.7 வரை. நீங்கள் அதற்கும் கீழே இறங்குகிறீர்கள்.

10 சதுர மி.மீ. கம்பியில் பேட்டரியிலிருந்து இருக்கைக்கு அடியில் 5 மீட்டர் வந்தாலும், போக வர இரண்டும் சேர்ந்து 0.35 வோல்டுதான் விழும். பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் பேட்டரி முனையிலேயே முடுக்குங்கள். இரண்டிலும் பேட்டரிக்கு அருகிலேயே 30 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள்.

கண்மாய்க்கரை (புதன், காலை 8.10)

கம்பிக் கணக்கை ஏற்கிறேன். நெகட்டிவை பேட்டரி முனையில் முடுக்கச் சொல்வதை ஏற்க முடியாது. இப்போதைய பல வண்டிகளில் நெகட்டிவ் முனையில் மின்னோட்டத்தை அளக்கும் உணரி ஒன்று இருக்கும். அதைத் தாண்டி முனையிலேயே கம்பியை மாட்டினால், நாம் எடுக்கும் மின்சாரம் வண்டியின் கணினிக்குக் கணக்கில் தெரியாமல் போகும். அது பேட்டரியின் நிலையைத் தவறாக மதிப்பிட்டு, மின்னேற்றத்தையும் தவறாக நடத்தும். பேட்டரியிலிருந்து வரும் எர்த் பட்டை பாடியில் எங்கே முடிகிறதோ, அந்தப் போல்டில்தான் மாட்ட வேண்டும்.

திருமங்கலம் டீசல் (புதன், காலை 8.45)

அந்த உணரி எல்லா வண்டியிலும் கிடையாது. எனக்கு அந்தப் போல்டுகளின் மேல் நம்பிக்கையும் இல்லை. மழைக்காலம் முடிந்து வருகிற வண்டிகளில் எர்த் போல்டு துருவேறி, முகப்பு விளக்கே மங்கலாக எரிவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பேட்டரியின் ஈய முனைதான் என்றும் மாறாத இடம்.

கண்மாய்க்கரை (புதன், முற்பகல் 11.20)

துரு என்பது தேய்த்துச் சுத்தம் செய்தால் போகும் குறை. நெகட்டிவில் ஃபியூஸ் எதற்கு என்பதை நினைத்துப் பாருங்கள். எஞ்சினின் எர்த் பட்டை அறுந்துபோனால், ஸ்டார்ட்டரின் நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேறு வழி தேடி, ஆன்டெனா கேபிளின் மேலுறை, கருவியின் கூடு, உங்கள் நெகட்டிவ் கம்பி ஆகியவற்றின் வழியாக பேட்டரிக்குப் போகப் பார்க்கும். அந்தத் தீ விபத்தைத் தடுக்கவே அங்கே ஃபியூஸ் வைக்கச் சொல்கிறார்கள். நெகட்டிவை பாடியில் மாட்டினால் அந்த வழியே உருவாகாது. உங்கள் அனுபவத்தை நான் மதிக்கிறேன், ஆனால் இதில் என் கருத்தை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

திருமங்கலம் டீசல் (புதன், பிற்பகல் 1.05)

உணரி இருந்தால் நீங்கள் சொல்வது சரி. இல்லாத வண்டிக்கு நான் சொல்வது சரி. வண்டியூர்த் தம்பி பானட்டைத் திறந்து பார்த்துச் சொல்லட்டும்.

அழகர்மலைச் சாரல் (புதன், பிற்பகல் 2.30)

நெகட்டிவ் வாதம் நீண்டதில் ஆன்டெனாவை யாரும் தொடவில்லை. யாரும் பதில் தரவில்லை என்ற அவருடைய முதல் குறைக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

7.1 மெகாஹெர்ட்ஸில் முழுக் கால் அலை (அலைநீளத்தில் கால் பங்கு) ஆன்டெனா ஏறத்தாழ 10 மீட்டர் உயரம் வேண்டும். 2.4 மீட்டர் கம்பியை அடிச்சுருளால் ஈடுகட்டும்போது, அலையாக வெளியேறும் பகுதிக்குரிய மின்தடை ஏறத்தாழ 1.3 ஓம் மட்டுமே. உங்கள் ஆன்டெனாவின் அடியில் தடையைக் கருவிக்கு ஏற்ப மாற்றித் தரும் தனிச் சுருள் எதுவும் இல்லை என்றால், எஸ்.டபிள்யூ.ஆர். 1.2 என்பது மொத்தத் தடை 50 ஓமுக்கு அருகில் இருப்பதையே காட்டுகிறது. அப்படியானால் மிச்சமுள்ள 48 ஓமும் சுருளிலும் எர்த்திலும் வெப்பமாக வீணாகிறது. 100 வாட் கொடுத்தால் வானத்துக்குப் போவது 3 வாட்டுக்கும் குறைவு. நீங்கள் நற்சான்றாக எண்ணிய அந்த எண்தான், தம்பி, நோயின் அடையாளம்.

இதற்கு முதற்காரணம் மேக்னட். அதன் அடித்தட்டுக்கும் கூரைத் தகட்டுக்கும் நடுவே பெயிண்டும் ரப்பரும் இருப்பதால் அது எர்த் ஆகாது, கெப்பாசிட்டர் ஆகும். அதன் அளவு 100 பைக்கோஃபாரட் என்று கொண்டால் 7.1 மெகாஹெர்ட்ஸில் அது ஏறத்தாழ 224 ஓம் எதிர்ப்பு. வண்டியின் உடல்தான் ஆன்டெனாவின் மறுபாதி. அதற்குப் போகும் வழி இவ்வளவு குறுகலாக இருந்தால் மின்னோட்டம் கேபிளின் மேலுறையைப் பிடித்துக்கொண்டு வண்டிக்குள் வரும், கருவியையும் குழப்பும். மவுண்டிலிருந்து அகலமான செம்புப் பின்னல் பட்டை ஒன்றை, கூடியவரை குட்டையாக, பெயிண்ட் சுரண்டிய இடத்தில் பல்வாஷர் வைத்துப் பாடியில் முடுக்குங்கள். டிக்கிக் கதவையும் சைலன்சர் குழாயையும் அதேபோலப் பாடியோடு இணையுங்கள். ஆன்டெனா அடியிலேயே கேபிளை டைப் 31 ஃபெரைட்டில் (மேலுறையில் ஓடும் வானொலி மின்னோட்டத்தைத் தடுக்கும் காந்தப்பொருள் வளையத்தில்) பல சுற்று சுற்றுங்கள். இவற்றைச் செய்த பிறகு எஸ்.டபிள்யூ.ஆர். ஏறினால் பதறாதீர்கள், இழப்பு குறைந்ததால் ஏறுகிறது.

பழைய தந்தி (புதன், மாலை 6.50)

நான் நேற்று எழுதிய தொனி சரியில்லை; வண்டியூர்த் தம்பி பொறுத்துக்கொள்ள வேண்டும். சாவியை அழுத்தினால் முழு மின்னோட்டம் என்று சாரல் சொன்னதும் சரியே.

தனுஷ்கோடி என்று படித்தபோது எனக்கும் ஆசை எழுகிறது. கடல்நீரின் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு ஏறத்தாழ 5 சீமென்ஸ்; சாதாரண மண்ணில் அதன் ஆயிரத்தில் ஒரு பங்கே இருக்கும். செங்குத்து ஆன்டெனா அடிவானத்தை ஒட்டி அனுப்பும் அலையை மண் விழுங்கிவிடும், கடல் விழுங்காது. தொலைதூரத்துக்கு அந்த அலைதான் வேண்டும். இருபுறமும் நீர் இருக்கும் அந்தச் சாலையில், கரைக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் வண்டியை நிறுத்துங்கள். 40 மீட்டரை விட்டு 20 மீட்டருக்குப் போங்கள்; அதே கம்பி 14.2 மெகாஹெர்ட்ஸில் நான்கு மடங்கு வெளியேற்றத் தடை தரும். பிற்பகல் சாய்ந்த பிறகு மேற்கு நோக்கிக் கேளுங்கள். கூரையோடு சேர்த்து ஏறத்தாழ 4 மீட்டர் உயரம் நிற்கிறது என்பதை மறவாமல், ஊருக்குள் நுழையும்போது ஆன்டெனாவைக் கழற்றிவிடுங்கள். தாழ்ந்த மின்கம்பிக்கும் திருவிழாத் தோரணத்துக்கும் அது ஆபத்து.

கண்மாய்க்கரை (வியாழன், காலை 6.40)

எஞ்சின் இரைச்சலையும் பார்த்துவிடலாம். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது கூடவே சுருதி ஏறினால் அது ஆல்டர்னேட்டர். வேகம் மாறினாலும் ஒரே சீராக இரைந்தால் டேங்கிலுள்ள எரிபொருள் பம்பாக இருக்கலாம். முதலில் லைட்டர் துளையிலுள்ள கைப்பேசி சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். நான் வண்டியூர்க் கண்மாய்க்கரையில் நிறுத்தி ஒரு மாதம் தேடிய இரைச்சல் அந்தச் சார்ஜரிலிருந்துதான் வந்தது. தம்பி, டம்மி லோடு சோதனை என்ன ஆயிற்று? உணரி இருக்கிறதா?

வண்டியூர்வாசி (வெள்ளி, இரவு 11.15)

தாமதத்துக்கு மன்னிக்கவும், இரண்டு நாளும் வண்டியிலேயே கழிந்தன. டம்மி லோடில் 20 வாட்டில் அணையவில்லை, 100 வாட்டில் அணைந்தது. கருவி முனையில் 10.6 வோல்ட். உணரி இருந்ததால் கண்மாய்க்கரை அண்ணன் சொன்னபடி நெகட்டிவை பாடி போல்டில், நன்றாகத் தேய்த்துவிட்டு முடுக்கினேன். 10 சதுர மி.மீ. கம்பி போட்ட பிறகு, எஞ்சின் ஓடும்போது முழுத் திறனில் 13.1 வோல்ட். டம்மி லோடில் இனி அணைவதில்லை. ஆனால் ஆன்டெனாவை மாட்டியதும் 60 வாட்டுக்கு மேல் மறுபடி அணைந்தது. பின்னல் பட்டையும் ஃபெரைட்டும் போட்ட பிறகே அணைவது நின்றது. எஸ்.டபிள்யூ.ஆர். 1.2 இப்போது 1.7. சாரல் அக்கா முன்பே சொல்லியிராவிட்டால் எல்லாவற்றையும் கழற்றியிருப்பேன். இன்று மாலை 40 மீட்டரில் சென்னை நிலையம் ஒன்று முதல் அழைப்பிலேயே பதில் தந்தது.

சார்ஜரைக் கழற்றியதில் பாதி இரைச்சல் போனது. மீதி இருக்கிறது, ஆக்சிலரேட்டரோடு மாறுவதில்லை. காலை 4 மணிக்குக் கிளம்புகிறேன். அனைவருக்கும் நன்றி.

திருமங்கலம் டீசல் (சனி, காலை 5.30)

அப்படியானால் பம்பாக இருக்கலாம். எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பியதும் சில நொடிகள் அதே இரைச்சல் கேட்டு நிற்கிறதா என்று பார்த்தீர்களா?