கிறிஸ்துமஸ் நாளில் வெளியான படங்கள்: மணிலாத் திரைப்பட விழாவும் ஒரு தீத்தாவின் நினைவுகளும்

மணிலாவில் வேலை பார்த்த காலத்தில் நான் கேசோன் நகரில் ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தேன். கீழே இருந்த வீட்டுக்கார அம்மையாரை அந்த ஊர் வழக்கப்படி 'தீத்தா' என்றே அழைத்து வந்தேன். அத்தை, சித்தி ஆகிய இரண்டு உறவுகளுக்கும் அங்கே அந்த ஒரே சொல்தான். பழைய பிலிப்பைன்ஸ் படங்களை நான் தேடிப் பார்க்கத் தொடங்கியதற்குக் காரணம் அவர்தான் என்பதால், அவரிடம் கேட்டவற்றையும் நானே கண்டதையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

அங்கு போன முதல் ஆண்டு, டிசம்பர் 26 அன்று ஓர் ஆங்கிலப் படம் பார்க்கலாம் என்று கிளம்பி, மூன்று திரையரங்குகளில் விசாரித்துவிட்டு ஏமாற்றத்துடன் திரும்பினேன். தீத்தா சிரித்தபடியே விளக்கம் சொன்னார். 1975இல் தொடங்கிய மெட்ரோ மணிலாத் திரைப்பட விழாவுக்காக, கிறிஸ்துமஸ் நாளிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை மாநகரத் திரையரங்குகள் அயல்நாட்டுப் படங்களை நிறுத்திவிட்டு உள்நாட்டுப் படங்களை மட்டுமே திரையிடுகின்றன. அந்த நாட்களில் ஞானப் பெற்றோர் குழந்தைகளுக்குக் கொடுக்கும் 'அகினால்தோ' என்னும் அன்பளிப்புப் பணத்தில் ஒரு பங்கு எப்போதும் சினிமா டிக்கெட்டுக்குத்தான் போகும் என்றும், தம் வீட்டில் யார் எந்தப் படத்துக்குப் போவது என்ற வழக்கு முதல் நாளிரவே தொடங்கிவிடும் என்றும் அவர் சொன்னார்.

அந்த வழக்குகளில் பெரியது 1978ஆம் ஆண்டினுடையது. தீத்தா, நடிகை நோரா அவுனோரின் ரசிகை. தீத்தாவின் தங்கையோ நடிகை வில்மா சாந்தோஸின் ரசிகை. லினோ புரோக்கா இயக்கிய 'ரூபியா செர்வியோஸ்' படத்துக்காக வில்மாவுக்கே விருது என்று தங்கை உறுதியாக நம்பியிருந்தார். அவ்வாண்டு நடுவர் குழு நடிகர், நடிகை என்று பிரிக்காமல் சிறந்த நடிப்புக்கென ஒரே விருதை வைத்து, 'அத்சாய்' படத்தில் வீட்டு வேலைக்காரப் பெண்ணாக நடித்த நோராவுக்கு அதை வழங்கியது. சகோதரிகள் புத்தாண்டு வரை ஒருவரோடு ஒருவர் பேசவில்லையாம்.

1981இல் சிறந்த படமாகத் தேர்வான மைக் டி லியோனின் 'கிசாப்மாத்தா'வை அவர்கள் குடும்பத்தோடு போய்ப் பார்த்திருக்கிறார்கள். மகளுக்குத் திருமணமான பிறகும் அவளைத் தன் பிடியிலிருந்து விடாத ஓர் ஓய்வுபெற்ற காவலரின் கதை அது. 1961இல் உண்மையாகவே நடந்த ஒரு குற்றத்தை அடிப்படையாகக் கொண்டது. தந்தையாக நடித்த விக் சிலயான் குரலை உயர்த்தாமலேயே அந்த வீடு முழுவதையும் மூச்சுவிடாமல் வைத்திருப்பார். படம் முடிந்து ஜீப்னியில் வீடு திரும்பும் வழி முழுக்கத் தன் அப்பா ஒரு வார்த்தையும் பேசாமல் சாலையையே பார்த்துக்கொண்டு வந்ததைத் தீத்தா என்னிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறார். ராணுவச் சட்டம் பெயரளவில் நீக்கப்பட்டும் அதிபர் மார்கோஸின் ஆட்சி தொடர்ந்த அந்த ஆண்டில், வீட்டுக்குள் நடக்கும் சர்வாதிகாரத்தைக் காட்டிய ஒரு படத்தைக் குடும்பங்கள் பண்டிகைப் புத்தாடையோடு வந்து பார்த்தன என்பதுதான் அந்த விழாவைப் பற்றி எனக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்தி.

அடுத்த ஆண்டு வந்ததுதான் 'ஹிமாலா' ('அற்புதம்'). இஷ்மாயேல் பெர்னாலின் இயக்கத்தில், ரிக்கி லீயின் எழுத்தில், இலோகோஸ் நோர்ட்டேயின் பாவோய் பகுதியில் எடுக்கப்பட்ட இந்தப் படத்துக்கு அரசு நிறுவனமான பிலிப்பைன்ஸ் பரிசோதனைத் திரைப்பட அமைப்பே பணம் போட்டது. மழை பொய்த்த குப்பாங் என்ற சிற்றூரில் எல்சா என்ற பெண் கன்னிமரியாளைக் கண்டதாகச் சொல்ல, நோயாளிகளும் வியாபாரிகளும் அங்கே வந்து குவிகிறார்கள். சிறந்த படம், சிறந்த இயக்குநர், சிறந்த நடிகை ஆகிய விருதுகள் 'ஹிமாலா'வுக்கே கிடைத்தன. 1983இல் அது பெர்லின் விழாவின் போட்டிப் பிரிவுக்கும் போனது. இவற்றையெல்லாம்விடத் தீத்தாவுக்கு முக்கியமானது எல்சாவாக நடித்த நோராவின் முகம். ஸ்பானியக் கலப்புச் சாயலுள்ள வெளிர்நிற நடிகைகளே நாயகிகளாக வந்துகொண்டிருந்த திரையில், இரிகா ரயில் நிலையத்தில் தண்ணீர் விற்று வளர்ந்த, மாநிறமும் சிறிய உருவமும் கொண்ட ஒரு பெண் முழுத்திரையையும் நிறைத்து நின்றதைத் தன் வீட்டுக்குக் கிடைத்த விருதாகவே அவர் எடுத்துக்கொண்டார்.

மீட்டெடுக்கப்பட்ட 'ஹிமாலா' 2012இல் வெனிஸ் விழாவில் காட்டப்பட்ட பின் மணிலாவிலும் திரைக்கு வந்தபோது நான் தீத்தாவை அழைத்துப் போனேன். எல்சா வறண்ட குன்றின் மேல் ஒலிவாங்கியின் முன் நின்று, அற்புதம் என்று எதுவும் இல்லை, அதை உண்டாக்குவது மனிதர்களாகிய நாம்தான் என்று கூட்டத்திடம் சொல்லும் இடத்தில், பக்கத்து இருக்கையில் தீத்தாவின் உதடுகள் ஒரு நொடி முன்னதாகவே அசைந்ததைக் கண்டேன். துப்பாக்கி வெடித்துக் கூட்டம் சிதறிய பின், அதே மக்கள் முழங்காலில் ஊர்ந்து ஜெபிக்கத் தொடங்கும்போது அவர் தன் கையிலிருந்த கைக்குட்டையை மடித்து மடித்துச் சிறு உருண்டையாக்கிவிட்டார்.

விருதுத் தீர்ப்புகள் எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. 1976இல் சிறந்த படமான எட்டி ரொமேரோவின் 'கனித்தோ காமி நோன், பானோ காயோ ஙயோன்?' நல்ல படம்தான் என்றாலும், அதே விழாவில் போட்டியிட்ட புரோக்காவின் 'இன்சியாங்'குக்கே நான் அந்த விருதைக் கொடுத்திருப்பேன். ஹில்டா கொரோனெலுக்குச் சிறந்த நடிகை விருதாவது கிடைத்ததில் எனக்கு ஆறுதல் உண்டு. ஆனால், 1994இல் எந்தப் படத்துக்கும் தகுதியில்லை என்று சிறந்த பட விருதையே நிறுத்தி வைத்த துணிச்சலை நான் மதிக்கிறேன்.

ரிக்கி லீ எழுதி மரிலூ தியாஸ்-அபயா இயக்கிய 'மோரல்' படமும் 'ஹிமாலா' வந்த அதே 1982 விழாவில்தான் வெளியானது. நான்கு தோழிகளின் வாழ்க்கையைச் சொல்லும் அதைத் தீத்தா அன்று பார்க்கவில்லை; நோராவுக்கு எதிராகப் போட்டியிடும் படத்துக்குத் தன் அகினால்தோவைச் செலவிட மனம் வரவில்லையாம். தங்கை பார்த்திருக்கிறார். அவர் சொன்னதைத் தனியாக எழுத வேண்டும்.