அம்மா குளிக்கிற சோப்பில் மாட்டுக் கொழுப்பு: சொல்வதா, வேண்டாமா?

பாளையங்கோட்டைப் பெண்

வணக்கம். நான் சிகாகோ பக்கம் இருக்கிறேன். அம்மா ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வந்திருக்கிறார். எங்கள் வீடு சுத்த சைவம், முட்டை கூட அடுப்படிக்குள் வராது. அம்மா காலையில் குளித்து, திருநீறு பூசி, விளக்கேற்றி, ஒரு பதிகமாவது படித்த பிறகுதான் காபி டம்ளரையே தொடுவார். வயது 68, ஒரு நாளும் இந்த வழக்கம் மாறியதில்லை.

போன மாதம் கடையில் பத்து சோப்பு அடங்கிய பெரிய கட்டு ஒன்று மலிவாகக் கிடைத்தது, வாங்கிப் போட்டேன். வெள்ளை சோப்பு, மெல்லிசான வாசனை. அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "நல்லா நுரைக்குது, தண்ணியிலேயே கிடந்தாலும் கூழாகல" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலி உறையைக் குப்பையில் போடும்போதுதான் பின்பக்கத்தை வாசித்தேன். முதல் பொருளே சோடியம் டாலோவேட். என்னவென்று தேடினால் உருக்கிய மாட்டுக் கொழுப்பிலிருந்து வருவதாம். அந்த நேரம் பாதி கரைந்த கட்டி என் கையில் ஈரமாக இருந்தது, எனக்கு அருவருப்பாகிவிட்டது. அதற்குள் அம்மா மூன்று சோப்பைத் தேய்த்து முடித்திருக்கிறார். அதுவும் பூஜைக்கு முந்தைய குளியலில்.

மீதியை எடுத்து ஒளித்து வைத்துவிட்டு வேறு சோப்பு மாற்றிவிட்டேன். "அந்த வெள்ளைச் சோப்பு தீந்துபோச்சா?" என்று நேற்றும் கேட்டார். தெரியாமல் செய்ததில் குற்றமில்லை, சொன்னால் மனசு உடைந்து போவார், விட்டுவிடு என்கிறார் வீட்டுக்காரர். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஊரில் இத்தனை வருடம் இந்தப் பெயரையே நாங்கள் பார்த்ததில்லை, அது ஏன்? வேறு எந்தெந்தப் பெயர்களில் இது ஒளிந்திருக்கும்? அப்புறம், அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா?

செக்கு எண்ணெய்

அக்கா, நான் நாகர்கோவிலில் சின்ன அளவில் தேங்காய் எண்ணெய்ச் சோப்பு போடுகிறேன், ஒன்பது வருடம் ஆகிறது. பெயர் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்த எண்ணெயோ கொழுப்போ காஸ்டிக் சோடாவோடு சேர்ந்ததோ அதன் பெயர்தான் சோப்பின் பெயரில் இருக்கும். பாமேட் என்றால் பாமாயில், பாம் கெர்னலேட் என்றால் பாமாயில் எடுக்கும் அதே பழத்தின் கொட்டைப் பருப்பு எண்ணெய், கோகோவேட் என்றால் தேங்காய். டாலோவேட் என்றால் மாடு அல்லது ஆட்டின் கொழுப்பு, லார்டேட் என்றால் பன்றிக் கொழுப்பு. இவை நேர்மையான பெயர்கள், பார்த்தவுடன் தெரிந்துவிடும். சிக்கல் ஸ்டியரிக் ஆசிட், கிளிசரின், சோடியம் ஸ்டியரேட் இந்த மூன்றிலும்தான். இவை பாமாயிலிலிருந்தும் வரலாம், மாட்டுக் கொழுப்பிலிருந்தும் வரலாம், உறையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. கம்பெனிக்கு எழுதிக் கேட்பது ஒன்றே வழி. லானோலின் ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் மெழுகு, அதற்காக ஆட்டைக் கொல்வதில்லை, அம்மா அதை எப்படி எடுத்துக்கொள்வாரோ தெரியாது.

அமெரிக்க உறைகளில் இன்னொன்றும் உண்டு. சில பெரிய சோப்புகளில் "டாலோவேட் மற்றும்/அல்லது பாமேட்" என்றே அச்சிட்டிருப்பார்கள். எது மலிவாகக் கிடைக்கிறதோ அதைப் போட்டுக்கொள்ளலாம், உறையை மாற்ற வேண்டாம். உங்கள் கையில் இருக்கும் கட்டியில் எது இருக்கிறது என்று அந்த உறையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. இன்னும் கேளுங்கள், வெறும் எண்ணெயும் காரமும் சேர்ந்து, அழுக்கு போக்கும் என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லி விற்காத சோப்பை அங்கே அழகுப் பொருள் கணக்கில் சேர்ப்பதே இல்லை, அதனால் உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சிட வேண்டிய கட்டாயமும் அதற்குக் கிடையாது. உங்கள் கம்பெனி அச்சிட்டதால்தான் உங்களுக்குத் தெரிந்தது.

நுரை, கரையாத தன்மை இரண்டையும் அம்மா சரியாகத்தான் கவனித்திருக்கிறார். தனித் தேங்காய் எண்ணெய்ச் சோப்பு பொங்கிப் பொங்கி நுரைக்கும், ஆனால் சீக்கிரம் தீரும், தோலை வறட்டும். மாட்டுக் கொழுப்பில் ஸ்டியரிக், பால்மிடிக் அமிலங்கள் அதிகம், அதனால் கட்டி இறுகி நிற்கும், நுரை சின்னதாக, பால் மாதிரி வரும். பாமாயிலும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும். அதனால்தான் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட முடிகிறது.

ஊரில் ஏன் பார்த்ததில்லை என்றால், 1983-இல் வனஸ்பதியில் இறக்குமதி மாட்டுக் கொழுப்பைக் கலந்தார்கள் என்று நாடு முழுக்கப் பெரிய கொந்தளிப்பு ஆனது. அதையொட்டி மாட்டுக் கொழுப்பு இறக்குமதியை அரசு தடை செய்தது. அதற்கு முன்பு நம் ஊர் சோப்பு கம்பெனிகளும் அதை இறக்குமதி செய்துகொண்டுதான் இருந்தன, பிறகு பாமாயில், தவிட்டு எண்ணெய் என்று மாறின. அதற்கெல்லாம் வெகு முன்பே, 1918 வாக்கில் கோத்ரெஜ் தாவர எண்ணெயில் சோப்பு போட்டுச் சுதேசி சரக்காக விற்றது. சென்னையில் 1969-இல் தொடங்கிய மெடிமிக்ஸும் தேங்காய் எண்ணெயை வைத்துத்தான். 2014-இல் சோப்பு, ஷாம்பு, பற்பசை உறைகளுக்கும் பச்சைப் புள்ளி, சிவப்புப் புள்ளி விதியைக் கொண்டுவந்தார்கள், அடுத்த முறை ஊரிலிருந்து யாராவது வந்தால் பச்சைப் புள்ளி பார்த்து பத்து கட்டி கொண்டுவரச் சொல்லுங்கள்.

சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டு விஷயம். என் அம்மாவாக இருந்தால் சொல்லிவிடுவேன்.

காயல் கடற்கரை

சகோதரி, இந்தத் தவிப்பு எங்களுக்கும் பழக்கம்தான். நான் காயல்பட்டினம், பதினான்கு வருடமாகக் கோலாலம்பூரில் வேலை. இங்கே ஜாக்கிம் என்ற மலேசிய அரசின் இஸ்லாமியத் துறை தரும் ஹலால் முத்திரை சோப்பு, பற்பசையில் கூட இருக்கும், அதனால் கடையில் நின்று யோசிக்க வேண்டியதில்லை. ஐரோப்பாவில் இரண்டு வருடம் இருந்தபோதுதான் ஒவ்வொரு உறையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

எங்களிடையேயே இதில் இரண்டு கருத்து உண்டு. ஒரு பொருள் முழுக்க வேறொன்றாக மாறிவிட்டால் பழைய அசுத்தம் அதில் தங்காது என்பது ஹனஃபி மத்ஹபின், அதாவது ஹனஃபி சட்டப் பிரிவின், நிலை, இதை இஸ்திஹாலா என்பார்கள், அசுத்தமான கொழுப்பில் காய்ச்சிய சோப்பையே அதற்கு உதாரணமாகவும் சொல்வார்கள். காயல், கீழக்கரை மாதிரிக் கடலோர ஊர்களில் நாங்கள் ஷாஃபி என்ற இன்னொரு பிரிவு, எங்கள் பக்கம் அப்படி எளிதாக விடுவதில்லை. மது தானாகவே காடியாக மாறுவது போன்ற சில விஷயங்களில்தான் மாற்றத்தை ஏற்பார்கள். முறைப்படி அறுக்காத மாட்டின் கொழுப்பு நஜீஸ், அதாவது அசுத்தம், சோப்பாக மாறினாலும் நஜீஸ், அது பட்ட உடம்பைக் கழுவாமல் தொழ முடியாது. என் மனைவி வீட்டார் உள்நாட்டு ஊர், ஹனஃபி. ஒரே வீட்டில் ஒரே சோப்பு ஒருவருக்குத் தடையில்லை, இன்னொருவருக்குத் தடை. நாங்கள் இருவருக்கும் ஒத்துவருகிற ஒரு சோப்பைத் தேடிப் பிடித்து வாங்குகிறோம், சண்டை இல்லை.

தெரியாமல் பயன்படுத்தியதற்குக் குற்றம் பிடிப்பதில்லை என்று எங்கள் மார்க்க ஆசிரியர் உஸ்தாது சொல்வார். ஆனால் தெரிந்த ஆள் தெரியாத ஆளிடம் மறைப்பது வேறு விஷயம். அம்மாவின் வணக்கம் அம்மாவுக்கும் அவர் கும்பிடும் கடவுளுக்கும் நடுவில் இருப்பது, அதில் நீங்களோ உங்கள் கணவரோ நின்று முடிவெடுக்க முடியாது. சொல்லிவிடுங்கள்.

ஆம்பூரான்

உங்கள் அம்மா சைவம், அவர் தொட விரும்பாததை அவருக்குக் கொடுக்கக் கூடாது, இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஒரு சொல்லைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். "அருவருப்பு" என்று எழுதியிருக்கிறீர்கள். என் அப்பா முப்பது வருடம் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தார். ஈரத் தோலிலிருந்து சவ்வும் கொழுப்பும் சுரண்டி எடுப்பது அவர் வேலை, சுரண்டிய சவ்வு வஜ்ஜிரப் பசை காய்ச்சப் போகும். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கிணற்றடியில் அரை மணி நேரம் கை தேய்ப்பார், நகக்கண்ணில் வாடை போகாது. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போவதைப் பத்து வயதில் நான் பார்த்தேன். செருப்பு, பெல்ட், பை எல்லாம் எல்லோரும் போட்டுக்கொண்டார்கள், அதைச் செய்த கை மட்டும் ஆகாமல் போனது.

இறைச்சிக்காக அறுத்த மாட்டில் மிஞ்சும் கொழுப்பைக் குப்பையில் கொட்டாமல் சோப்பாக்குவது எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. உங்களுக்குத் தப்பாகத் தெரியலாம். "எங்களுக்கு ஆகாது" என்று சொல்லுங்கள், மதிக்கிறேன். அந்தப் பொருளே அசிங்கம் என்று சொன்னால், அதைத் தொட்டுப் பிழைத்தவர்கள் காதிலும் அது விழும்.

பச்சைத்தழை

நான் வீகன், விலங்கிலிருந்து வருவது எதையும் தொடுவதில்லை, எட்டு வருடம். ஆம்பூரான் எழுதியதை இரண்டு தடவை படித்தேன், அந்தச் சொல்லை நானும் இனிமேல் பார்த்துத்தான் போடுவேன். ஆனால் மிஞ்சியதுதானே என்ற கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை, கொழுப்புக்கும் ஒரு விலை கிடைப்பதால்தான் மாட்டு வியாபாரம் கட்டுப்படியாகிறது.

பாளையங்கோட்டைக்கு ஒன்று. மாட்டுக் கொழுப்பு இல்லை என்றால் அந்த இடத்தில் பெரும்பாலும் பாமாயில்தான் இருக்கும். சுமத்ராவிலும் போர்னியோவிலும் அதற்காகக் காட்டை அழித்தார்கள், ஒராங்குட்டான்களுக்கு இருக்க இடமில்லை. விலங்குக்காக யோசித்து சோப்பு மாற்றுகிறவர்கள் இதையும் பார்க்க வேண்டும். அதனால் நான் தேங்காய் எண்ணெய், ஆலிவ் எண்ணெய்ச் சோப்போடு நிறுத்திக்கொள்கிறேன். ஆலிவ் எண்ணெய்ச் சோப்பு புதுசு இல்லை, சிரியாவில் அலெப்போ நகரத்தில் பல நூறு வருடமாகக் காய்ச்சுகிறார்கள். அப்புறம், விலங்கின் மேல் சோதிக்கவில்லை என்று முயல் படம் போட்டிருந்தால் அதில் விலங்குக் கொழுப்பே இல்லை என்று அர்த்தமில்லை, இரண்டும் வேறு வேறு.

அம்மாவின் பூஜைச் சேலையை டிரையரில் போடுகிறீர்களா? துணி மிருதுவாக இருக்க உள்ளே ஒரு தாள் போடுவீர்களே, அதில் பூசியிருக்கும் பொருளும் மாட்டுக் கொழுப்பிலிருந்து வந்ததாக இருக்கலாம். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாளையங்கோட்டைப் பெண்

எல்லோருக்கும் நன்றி. ஆம்பூர் அண்ணன், அந்தச் சொல்லை யோசிக்காமல் எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஆகாது என்று மட்டும் எழுதியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, உறையைக் கொண்டுவா என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தார். "மாடா, பன்னியா?" என்று கேட்டார். மாடு, இல்லாவிட்டால் ஆடு என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் 1983 விஷயத்தையும் சொன்னேன். "எனக்குக் கல்யாணம் எழுபத்தொம்போதுல. அப்ப நாலு வருஷம் ஊர்ல தேச்சதுலயும் இருந்திருக்கும்" என்று விரல் விட்டு எண்ணினார். அழவில்லை, கோபப்படவும் இல்லை. மறைத்து வைத்த ஒரு வாரத்துக்குத்தான் என்னைத் திட்டினார்.

இப்போது பூஜைக்கு முன் பயத்தமாவு மட்டும்தான். இந்திய மளிகைக் கடையில் பருப்பு வாங்கி மிக்சியில் அரைத்து, ஊறுகாய் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறார். மீதி ஆறு சோப்பையும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுக்கச் சொன்னார், ஆனால் "உள்ள என்ன போட்டிருக்குன்னு சொல்லிட்டுக் குடு, அவங்களுக்கும் ஏதாவது இருக்கும்ல" என்றார். சொன்னேன், அவர்களுக்கு ஆட்சேபனை இல்லை, வாங்கிக்கொண்டார்கள்.

பச்சைத்தழை சொன்ன டிரையர் தாள் பெட்டியையும் எடுத்துப் பார்த்தேன். துணியை மென்மையாக்கும் பொருள் என்று மட்டும் போட்டிருக்கிறது, அது எதிலிருந்து என்று ஒரு வரி இல்லை. கம்பெனிக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வரும் வரை அம்மாவின் சேலை குளியலறைக் கம்பியில்தான் காய்கிறது.